ஏழாம் ரீலும் இருமல் மோட்டாரும்

நேற்று மலாக்காவில், புக்கிட் பாரு பெட்ரோல் நிலையத்தில் என் காரின் டாங்கி மூடியைத் திருகியபோது ‘புஸ்’ஸென்று ஒரு சத்தம். பின்னாலேயே பெட்ரோல் வாசனை. என் கை தானாகத் தலையில் அடித்துக்கொண்டது. பம்புக்காரர் பயந்துபோய், “என்னா அங்கிள், தலைவலியா?” என்றார். தலைவலிதான். முப்பது வருடத்துத் தலைவலி. உங்களிடம் சொல்ல வெட்கமில்லை. என் மனைவி காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அவளைப் பொறுத்தவரை நான் எஞ்சின் தெரிந்தவன்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருடம். அப்போது காஜா பேராங்கில் குடியிருந்தேன். தொழில், ரீல் தூக்குவது. படத்துக்குப் பிரதி ஒன்று, கொட்டகை இரண்டு. டவுனில் ஓடி முடிந்த ரீல்களைச் சூடு ஆறுவதற்குள் செமாபோக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வாகனம், யுத்தத்துக்கு முந்திய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள். காஜா பேராங் என்றால் மலாயில் கோபம்கொண்ட யானை. ஊருக்கு அந்தப் பெயரை வைத்தவன் என் மோட்டாரைப் பார்த்திருக்கவேண்டும்.

அந்த யானைக்குத்தான் ஒரு வாரமாக வியாதி. புறப்படும்போது நன்றாக ஓடும். ஒரு மைல் தாண்டியதும் இருமும், திக்கும், உதறும், நின்றுவிடும். நான் இறங்கி முதலில் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பேன். புஸ். பெட்ரோல் இருக்கும். சரி, பிளக்தான் என்று கழற்றித் துடைத்து மாட்டுவேன். ஓடும்! ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்று பாட்டு வரும். அடுத்த மைலில் பாட்டும் நிற்கும், மோட்டாரும் நிற்கும். மறுநாள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு பொறி விடும் பாயிண்டை நகம் ராவும் அரத்தால் ராவினேன். ஓடியது, ஒரு மைல். அதற்கும் மறுநாள் கார்புரேட்டரைக் கழற்றி வாயால் ஊதினேன். இரவுச் சோற்றிலும் பெட்ரோல் மணந்ததே தவிர, இருமல் போகவில்லை. பிளக்கைத் துடைக்காமலே திரும்ப மாட்டினாலும் ஒரு மைல், சும்மா திட்டினாலும் ஒரு மைல். எந்த வைத்தியமும் பலித்தது என்பதுதான் கொடுமை.

செமாபோக் மேனேஜர் சனிக்கிழமை தெளிவாகச் சொல்லிவிட்டார். “நாளைக்கு மேட்னி. ஒரு ரீல் லேட்டானாலும் திங்கக்கெழம நீ வரவேணாம். என் மச்சான் புது மோட்டார் வாங்கிட்டு சும்மாதான் நிக்கிறான்.”

ஞாயிற்றுக்கிழமை, மோட்டார் நின்றால் தள்ளுவதற்காக ராஜாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். அடுத்த தெரு மலாக்காச் செட்டிப் பையன், என் வயது. நாங்கள் கும்பிடுவது ஒரே சாமியை. ஆனால் அவன் வீட்டில் பேச்செல்லாம் மலாய். ஆறு ரீல் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது, ஏழாம் ரீல் அவன் மடியில். பண்டார் ஹிலிர் தாண்டியதும் இருமல், திக்கல், உதறல். நின்றது.

இறங்கி மூடியைத் திறந்தேன், புஸ். “பிடிடா” என்று மூடியை ராஜா கையில் திணித்துவிட்டு, பிளக்கையும் கழற்றாமல், எல்லாச் சாமியையும் ஒரே மூச்சில் கூப்பிட்டு உதைத்தேன். கிளம்பிவிட்டது! விட்டால் போதும் என்று பறந்தேன்.

“தூதுப்! தூதுப்!” மூடச் சொல்லிப் பின்னாலிருந்து கத்தினான். நிறுத்தினால்தானே மூடுவதற்கு? பெட்ரோல் தளும்பித் தொடையெல்லாம் எரிந்தது. இருமல் இதோ வரும், இந்த வளைவில் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், வரவே இல்லை. அப்போது மூடி என் மூக்குக்கு நேராக நீண்டது.

“அபா இனி?” இது என்னவாம்.

“சாமிப் பொட்டுடா, கைய எடு!”

“போடோ! தாங்கி மாவ் நாஃபஸ்!” மடையா, டாங்கி மூச்சு விட வேண்டாமா என்கிறான்.

ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனம். மூடியின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. பொட்டுக்கென்றே வெள்ளைக்காரன் குழி வைத்திருக்கிறானே என்று பூரித்து, கட்டைவிரலால் நன்றாக அழுத்தி அப்பியிருந்தேன். காய்ந்து சிமெண்டாகியிருந்தது. உள்ளே காற்றுப் போக வழியில்லாமல், பெட்ரோல் கீழே இறங்காமல், ஒரு வாரமாக என் பக்தியால் மூச்சுத் திணறியிருக்கிறது மோட்டார். நான் மூடியைத் திறந்ததுதான் வைத்தியம், புகழெல்லாம் பிளக்குக்கு.

கொட்டகை வாசலில் மேனேஜர் கடிகாரத்தோடு நின்றார். பக்கத்தில் மச்சான். ஆறாம் ரீல் முடிந்து உள்ளே விளக்குப் போட்டிருந்தார்கள். விசில் பறக்கும், நாற்காலி உடையும் என்று நினைத்தேன், சத்தமே இல்லை. நானூறு பேரும் ரோட்டைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். என் எஞ்சின் வாசலில் வந்து அடங்கியதும் உள்ளே கொட்டகை அதிரக் கைதட்டல். மேனேஜர் உள்ளே திரும்பிப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், கடிகாரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“என்னாடா கோளாறு?”

“பிளக் சார்” என்றேன். ராஜா இருமினான்.

இப்போது அந்தக் கொட்டகையில் சோபா விற்கிறார்கள். ராஜா சிங்கப்பூர் போனான், கடிதம் நின்றுவிட்டது. வீட்டில் வீடியோ இருக்கிறது. நாடா சிக்கிப் படம் நின்றால் பிள்ளைகள் உடனே எழுந்து ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறார்கள். மிச்சப் படம் எந்த ரோட்டில் வந்துகொண்டிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.