கட்டார் மாப்பிள்ளைக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி

இன்டர்நெட் என்றால் என்னவென்று இன்றைக்கும் எனக்கு விளக்கமாகச் சொல்லத் தெரியாது. ஆனால் அதற்குத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறேன். வட்டகொடைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் அந்தப் பெருமை முதலில் எனக்குத்தான்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். இளைய மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தோம். அவள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தாள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. பகலெல்லாம் இருபது மூக்கைத் துடைத்துவிட்டு வருகிறவளை மூன்று வீட்டுக்காரர்கள் வந்து பார்த்திருந்தார்கள். மூன்று வீட்டாரும் முறுக்கைத் தின்றார்கள், தேத்தண்ணியைக் குடித்தார்கள், "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. கடைசியாக வந்த அம்மா, முறுக்குக்கு என்ன மாவு என்று பக்குவம் கேட்டுக்கொண்டு போனாள். என் முறுக்குக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் அமைந்துவிட்டது. மகளுக்குத்தான் அமையவில்லை.

நாலாவதாகத் தரகர் சொன்னது உடப்புசல்லாவைப் பையன். கட்டாரில் வேலை. "சூப்பர்வைசரு. கம்பெனியிலயே தனி ரூம் குடுத்திருக்காங்க. கட்டில், மெத்தை, ஏசி எல்லாம் இருக்கு" என்றார் தரகர். பையனின் அம்மா வந்து பார்த்தாள். பிடித்திருக்கிறது, ஆனால் மகன் பார்த்துத்தான் சொல்லுவான் என்றாள். மகனுக்கோ லீவு கிடைக்க இன்னும் ஒரு வருஷம். அதற்கென்ன, ஹட்டனில் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று தரகர் ஏற்பாடு செய்தார்.

அன்றைக்குப் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது மகள் என்னிடம் சொன்னாள்.

"அம்மா, இதுதான் கடைசி. இந்த ஆளும் போய்ச் சொல்லி அனுப்புறேன்னு சொன்னா, இனிமே எவனுக்கும் நான் தட்டு தூக்க மாட்டேன். பொறகு என்னைய ஒண்ணும் கேக்கக்கூடாது."

வழக்கமாக நான் ஏதாவது கேலி பேசுவேன். அவள் குடத்தைத் தூக்கிய விதத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

அவளுடைய அக்காவுக்குக் கல்யாணம் பேசியது தொண்ணூறுகளில். அப்போது எல்லாம் கடுதாசிதான். மாப்பிள்ளை வீட்டுக் கடுதாசி வட்டவளையிலிருந்து வந்து, தோட்டத்து ஆபீசில் கிடந்து, யார் கையிலாவது எங்களிடம் வந்துசேர மூன்று வாரமாகும். நான் மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் பிள்ளையே பிறந்துவிடும். அதனால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கொடுப்போம். அவர் வாசிக்கும்போது சம்பந்தி வீட்டு நலம் விசாரிப்பும் பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கும். கடுதாசியோடு வந்த போட்டோவில் மாப்பிள்ளை ஒரு ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றார். கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, அந்த ஸ்கூட்டர் ஸ்டூடியோக்காரருடையது. நல்ல மனிதர்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் இரண்டு வருஷம் அந்த ஸ்கூட்டரை மனதில் ஏற்றிவைத்திருந்தோமே!

கட்டாரில் வெள்ளிக்கிழமைதான் லீவு. ஆகவே வெள்ளிக்கிழமை குறித்தார்கள். அன்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டத்து அதிகாரி கண்டாக்கையாவிடம் போய், இன்றைக்கு வேலைக்கு வரமாட்டேன் என்றேன்.

"எங்க போறீங்க?" என்றார்.

"கட்டாருக்குங்க. அந்திக்கு வந்துருவேன்."

நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். கண்டாக்கையா சிரிக்காமலிருக்கப் பெரிய பாடுபட்டு, பேர்ப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

ரயிலில் நாலு பேர் போனோம்: நான், என் வீட்டுக்காரர், மகள், தரகர். என் மடியில் ஒரு பெரிய பை. அதில் பிளாஸ்கு நிறையத் தேத்தண்ணி, தட்டு, ஆறு கோப்பை, முறுக்கு. தரகர் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னம்மா இது? கம்ப்யூட்டருக்கு எதுக்குத் தேத்தண்ணி?"

"பொண்ணு பாக்கிறதுன்னு தானே சொன்னீங்க?"

"பாக்கத்தான் போறாரு. குடிக்கவா முடியும்?"

"குடிக்கிறது அவரு பாடு. குடுக்கிறது எங்க பாடு" என்றேன்.

பெட்டிக்குள்ளிருந்து கை நீண்டு கோப்பையை வாங்காது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் தேத்தண்ணி கொடுக்காமல் பெண் காட்டினேன் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் போய்ச் சொல்ல முடியுமா? பெண் பார்த்ததாகவே சேர்க்கமாட்டார்கள்.

போன் பேசவும் போட்டோக் கொப்பி எடுக்கவும் போகிற கடையை எங்கள் பக்கத்தில் கொமினிகேசன் என்போம். ஹட்டனில் அந்தக் கடை ஒரு மாடியில் இருந்தது. கடைக்கார முஸ்லிம் நானா ஜும்மாவுக்குப் போயிருந்ததால் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். அவர் வந்து கதவைத் திறந்து, எங்களையும் பையையும் பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்கவா? வாங்க, வாங்க. போன மாசம் ஒரு குடும்பம் வெத்திலைத் தட்டோடயே வந்தாங்க" என்றார். நான் தரகரைப் பார்த்தேன். தரகர் விட்டத்தைப் பார்த்தார்.

பலகைத் தடுப்புக்குள் ஒரு கம்ப்யூட்டர். அதன் தலையில் கோலிக்குண்டு அளவில் ஒரு கேமரா. நானா எதையெதையோ தட்டினார். நீலமாக வந்தது, கறுப்பாக வந்தது, பிறகு ஒரு முகம் வந்தது. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை. பின்னால் பூப்போட்ட ஒரு சீலை சுவர் மாதிரித் தொங்கியது.

என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழும்பி நின்று கும்பிட்டார். அங்கே அவருடைய வயிறு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"உக்காருங்க மாமா" என்றது பெட்டி. முதல் பேச்சிலேயே மாமா! எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது.

மகள் தட்டோடு வந்தாள். தலை குனிந்து, தட்டைக் கேமராவுக்கு முன்னால் நீட்டினாள். மாப்பிள்ளை தன்னையறியாமல் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார். அவருக்குரிய கோப்பையை நான் எடுத்து கம்ப்யூட்டருக்கு முன்னால் வைத்தேன். மற்றவர்களுக்கும் கொடுத்தேன், நானாவுக்கும் சேர்த்து.

பிறகு மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நின்றேன். என்னைப் பார்க்க வந்தவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். மழைநாள். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒரு அட்டை ஏறி, இரத்தம் குடித்துக் குடித்து உருண்டுபோயிருந்தது. அந்த மனிதருக்கு அது தெரியவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் பக்கம் இவ்வளவு கவனமில்லாதவன் வேறு பக்கம் போகமாட்டான் என்று நினைத்துச் சம்மதித்தேன். இன்றுவரைக்கும் எங்கும் போகவில்லை, இதோ கோப்பையைச் சீப்பிக்கொண்டு பக்கத்தில்தான் இருக்கிறார்.

ஆனால் இந்தப் பெட்டியில் கால் கிடையாது. நெஞ்சுக்கு மேலேதான் மாப்பிள்ளை. மிச்சத்துக்கு யார் பொறுப்பு? ஸ்கூட்டர் ஞாபகம் வேறு வந்தது. அதனால் கேட்டேன்.

"தம்பி, நாங்க மட்டும் குடிச்சா நல்லாவா இருக்கு? நீங்களும் போய் ஒரு கோப்பை ஊத்திக்கிட்டு வாங்க. சேர்ந்து குடிப்போம்."

தரகர் அவசரமாக, "அதெல்லாம் எதுக்கும்மா? நேரம் போகுது" என்றார்.

மாப்பிள்ளை எழும்பவில்லை. திரும்பி அந்தச் சீலையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி சீலையைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி அதை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டார்.

சீலைக்குப் பின்னால் ஐந்தாறு ஆம்பிளைகள்! ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புக் கட்டில்களில், மூச்சுக் காட்டாமல், வரிசையாக. ஒருத்தர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். ஒருத்தர் கையில் பனியன், தைத்துக்கொண்டிருந்த ஊசியோடு. குறுக்கே கயிறு, கயிற்றில் துண்டுகள். எங்களைக் கண்டதும் எல்லோரும் எழும்பிக் கும்பிட்டார்கள். மேல் கட்டிலில் இருந்தவர் தலையைக் கூரையில் இடித்துக்கொண்டு கும்பிட்டார்.

"அம்மா, தரகரய்யா உங்ககிட்ட என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாது" என்றார் மாப்பிள்ளை. "எனக்குத் தனி ரூம் இல்ல. எட்டுப் பேரு இருக்கோம். ரெண்டு பேரு வேலைக்குப் போயிட்டாங்க. நான் சூப்பர்வைசரும் இல்ல. ஏசி பூட்டுறவங்களுக்கு ஏணி புடிக்கிறேன். பழகிக்கிட்டு இருக்கேன்."

தரகருக்கு இருமல் வந்தது. "லைன் சரியில்ல போல. சரியா வெளங்கல" என்றார்.

"எங்களுக்கு நல்லா வெளங்குது. நீங்க தேத்தண்ணியக் குடிங்க" என்றேன்.

தரகர் வாய் முகூர்த்தம், அதே நேரத்தில் லைன் உண்மையாகவே நின்றுபோனது. மாப்பிள்ளை வாயைப் பாதி திறந்தபடி, சீலை கையில் தொங்க, அசையாமல் உறைந்துபோனார். நானா வந்து, "கொஞ்சம் பொறுங்க, வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். இது சரிவராது, எழும்புவோம் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் மகளைப் பார்த்தேன். அவள் தலை நிமிர்ந்திருந்தது. பெட்டியில் நின்றுபோன அந்த முகத்தை, கண்ணிலிருந்து காதுவரைக்கும், கயிற்றுத் துண்டுகள்வரைக்கும் ஆற அமரப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாப் பாத்துக்கடி. இப்ப ஓட முடியாது அவரால" என்றேன்.

"சும்மா இரும்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம லயத்துக் காம்பரா மாதிரியே இருக்கு" என்றாள்.

படம் அசைந்தது. மாப்பிள்ளை, "கேக்குதா? கேக்குதா?" என்று கத்திக்கொண்டிருந்தார். மகள் நாற்காலியை இழுத்து நேர் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். பெண் பார்க்கும்போது பெண் பேசி நான் கண்டதில்லை. அவள் பேசினாள்.

"அந்தச் சீலைய யாரு கட்டச் சொன்னது?"

"தரகரய்யா. போன்ல சொன்னாரு."

"அவுக்கச் சொன்னது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "யாரும் சொல்லலீங்க" என்றார்.

பின்னால் கட்டில்காரர்கள் கழுத்தை நீட்டினார்கள். தைக்கிறவர் ஊசியை நிறுத்தினார். அவள் எழும்பி, கும்பிட்டு, சொன்னாள்:

"சரிங்க. நாங்க போய்ச் சொல்லி அனுப்புறோம்."

அந்த முகம் விழுந்த விதத்தை என்ன சொல்ல! அவருக்குப் பின்னால் ஐந்தாறு முகம் சேர்ந்து விழுந்தது. எனக்கே பாவமாக இருந்தது. மூன்று தடவை எங்கள் வீட்டு முன் இஸ்தோப்பில், அந்தத் திண்ணையில், விழுந்த முகம்தான் அது.

ஆறு கோப்பையையும் துடைத்துப் பையில் வைத்தேன். மாப்பிள்ளையின் தேத்தண்ணியை வீணாக்க மனமில்லாமல் பிளாஸ்குக்குள் திருப்பி ஊற்றினேன். ஸ்டேசனுக்கு இறங்கி வந்தோம். தரகர் வழியிலேயே ஒரு வேலையை ஞாபகப்படுத்திக்கொண்டு கழன்றுவிட்டார். பிளாட்பாரத்தில் ரயில் நின்றது. என் வீட்டுக்காரர் ஏறிவிட்டார். நான் ஒரு காலை வைத்துவிட்டேன். மகள் ஏறவில்லை.

"அம்மா, நானா கடைய மூடியிருக்க மாட்டாரே?"

"எதுக்கு? கொடைய விட்டுட்டியா?"

"சொல்லி அனுப்புறோம்னு சொல்லிட்டு, அனுப்பாம இருக்கக்கூடாதும்மா."

சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போனாள். ஓடவில்லை, ஆனால் நடக்கவும் இல்லை. நான் வைத்த காலை எடுத்தேன், வீட்டுக்காரரையும் கையைப் பிடித்து இறக்கினேன். ரயில் போய்விட்டது. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து முறுக்குத் தின்றோம். "என்ன சொல்லப் போறா?" என்று அவர் நாலு தடவை கேட்டார். கடுதாசியாக இருந்தால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அரை மணித்தியாலம் பொறுக்க முடியவில்லை மனுஷனுக்கு.

மகள் திரும்பி வந்து எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

"இருந்தாரா?" என்றேன்.

"அந்த எடத்த விட்டு எழும்பவே இல்லையாம்."

"என்ன சொன்ன?"

அவள் என் பையைத் திறந்து, கோப்பையை எடுத்து, பிளாஸ்கிலிருந்ததை ஊற்றிக் குடித்தாள். ஆறிப்போன தேத்தண்ணி. "அவரோடதாம்மா இது?" என்றாள். ஆமாம் என்றேன். மீதியையும் ஊற்றிக்கொண்டாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் மாப்பிள்ளை லீவில் வந்து, எங்கள் லயத்து ஒழுங்கையில் இறங்கி நடந்தபோதுதான் அவருடைய காலைப் பார்த்தேன். அன்றும் மழை. வாசலில் செருப்பைக் கழற்றியதும் என் கண் நேராக விரல் இடுக்குக்குத்தான் போனது. ஒரு அட்டை இருந்தது. கட்டாரில் அட்டை கிடையாது போலிருக்கிறது. மாப்பிள்ளை போட்ட சத்தத்தில் அடுத்த லயத்து நாய்கள் எல்லாம் குரைத்தன. மகள் உப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள்.