அம்மாவின் கைமருந்து

அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு முன்னர் நினைவு மலர் அச்சாகி வந்துவிட வேண்டும், அதில் மகளின் கட்டுரை ஒன்று இருக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். அச்சகத்தார் மாதிரிக்கு அனுப்பிய மலர்களைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கண்ணீர் இருந்தது. எனக்கு அது இன்னும் வரவில்லை. வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், அம்மாவின் கைத்தொலைபேசிக்கு வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்கிறேன். உள்ளே ஏதோ மரத்துப்போய்க் கிடக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உறவினர்களும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும்.

அம்மா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் கடலோரக் கிராமம் ஒன்றில், பெரிய குடும்பத்தின் நடுப் பிள்ளையாகப் பிறந்தார். பள்ளியில் உயர்தர வகுப்பு வரை படித்தார். பரீட்சை நெருங்கிய நாட்களில் போரால் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்ததால் அதை அவர் எழுதவில்லை. அதைப் பற்றிக் குறைப்பட்டு அவர் பேசி நான் கேட்டதும் இல்லை. அப்பா அதற்கு முன்னரே ஜேர்மனிக்கு வந்து அகதி முகாமில் இருந்தார். பெரியோர் பேசி முடித்த திருமணம். அம்மா வந்து இறங்கியது குளிர்காலத்தில். முகாமின் ஒற்றை அறையில், பொதுச் சமையலறையில் ஐந்து நாட்டுப் பெண்களோடு அடுப்புக்கு முறை வைத்துக்கொண்டு அவர்களது குடும்ப வாழ்க்கை தொடங்கியது. வதிவிட அனுமதி கிடைத்ததும் ஹம்பேர்க் வந்தார்கள். நான் இங்கே பிறந்தேன்.

விடுதிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் ஆலை ஒன்றில் அம்மா வேலை செய்தார். சூடான உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்புகளை ஒருவர் செலுத்துவார். மறுபுறம் வந்து விழுவதை இழுத்து மடிக்க இருவர் நிற்பார்கள். அம்மா மடிக்கும் பக்கம். என் படிப்பு முடியும்வரை அந்த வேலைதான். அங்கே அவர் முகம் சுளித்ததை ஒருவரும் பார்த்ததில்லை என்று அவரோடு வேலை செய்தவர்கள் செத்தவீட்டில் சொன்னார்கள். வீட்டிலும் அப்படித்தான். ஆனால் கைகள் கெட்டுப்போயின.

மூட்டுவாதம் என்று வைத்தியர் சொன்னார். காலையில் எழும்பும்போது விரல்கள் வீங்கி, மடக்க முடியாமல் இருக்கும். சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு குசினியில் நிற்பார். விசேட வைத்தியரைப் பார்க்க டெர்மின் என்கிற முன்பதிவு கிடைக்கவே மாதங்கள் போயின. குளிசையும் ஊசியும் தந்தார்கள். வீக்கம் குறைந்தது, நோவு முழுதாகப் போகவில்லை. இடியப்பம் பிழிவதை அம்மா கைவிட்டார். அதற்காக அவர் கவலைப்படவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் அம்மனுக்கு மாலை கட்ட முடியாமல் போனதுதான் அவரை உடைத்தது. நார் இழுக்கும்போது பெருவிரல் விட்டுக்கொடுத்துவிடும். பூக்களை நிறம் பிரித்து மற்றப் பெண்களிடம் நீட்டிக்கொண்டு இருப்பார்.

மூட்டுநோய் உள்ளவர்களுக்கு வெந்நீர்த் தடாகத்தில் நடக்கும் பயிற்சிக்கு அவர் போய்வந்தார். அங்கே ஒரு ஜேர்மன் பெண்மணி, தான் வீட்டில் வளர்த்த கஞ்சாச் செடியில் களிம்பு செய்து முழங்காலுக்குப் பூசுவதாகச் சொன்னார். அப்போது சட்டம் மாறியிருந்தது. வயது வந்த ஒருவர் தன் தேவைக்காக வீட்டில் மூன்று செடிகள் வரை வைத்திருக்கலாம். அம்மா வீட்டுக்கு வந்து அதை அப்பாவிடம் சொன்னார். நான் அப்போது கூடத்தில் இருந்தேன்.

“கஞ்சாவோ? இந்த வீட்டிலயோ?”

“பத்திறதுக்கில்லை. பூசிறதுக்கு.”

“சனத்துக்கு ரெண்டும் ஒண்டுதான். நீர் என்ன கதைக்கிறீர்?”

“சனத்துக்கோ நோகுது? எனக்கெல்லோ நோகுது.”

அப்பாவின் பக்கத்தையும் எழுத வேண்டும். அவர் கோயில் நிர்வாக சபையில் இருந்தவர். ஊரில் இளம்பிள்ளைகள் போதையால் அழிவதைத் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு மனம் நொந்தவர். தமிழ்ப் பாடசாலை விழாவில் போதைக்கு எதிராக மேடையில் பேசியவர். அந்தச் சொல்லே அவருக்கு ஆகாது.

அம்மா முதலில் வைத்தியரிடம் கேட்டார். வைத்தியர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. இப்படிப்பட்ட களிம்பு நோவைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் தன்னிடம் இல்லை என்றார். புண் இல்லாத தோலில், சிறிய இடத்தில் முதலில் பூசிப் பார்க்கலாம், ஆனால் குளிசையையும் ஊசியையும் நிறுத்தவே கூடாது என்றார். அம்மா நிறுத்தவில்லை. பின்னாளில் கேட்டவர்கள் எல்லோருக்கும் அதையே முதலில் சொன்னார்.

செடிகள் பல்கனியில் கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில் வளர்ந்தன. காய்ந்த பூக்களை அலுமாரியில் பூட்டி வைத்தார். அவற்றை உதிர்த்துத் தேங்காயெண்ணெயில் இட்டு, அந்தப் பாத்திரத்தைக் கொதிதண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கி, மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வைத்திருப்பார். பிறகு பழைய வேட்டித் துணியில் வடித்து, தேன்மெழுகை உருக்கிச் சேர்ப்பார். முதல் முறை மெழுகு கூடி மெழுகுதிரி போல இறுகிவிட்டது. அடுத்த முறை சரியாக வந்தது. வடித்தது தன்னுடைய வேட்டியில் என்பது அப்பாவுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

சில வாரங்களுக்குப் பிறகு அம்மா மாலை கட்டத் தொடங்கினார். முன்னைப் போல வேகமாக அல்ல. களிம்புதான் வேலை செய்ததா, தினமும் விரல்களை உருவிவிட்டது வேலை செய்ததா, புதிய ஊசி வேலை செய்ததா என்று எனக்குத் தெரியாது. அம்மாவிடமே கேட்டேன்.

“நோ போட்டுதாம்மா?”

“போகேல்லைப் பிள்ளை. இருக்குது. ஆனா முந்தி மேல ஏறி இருந்தது, இப்ப கொஞ்சம் தள்ளி நிண்டு பாக்குது.”

மாலை கட்டும் இடத்தில் ஒரு பெண் கேட்டிருக்கிறார்: “அக்கா, உங்கட கையில என்ன ஒரு பச்சை மணம்?” அம்மாவுக்குப் பொய் வராது. சொன்னார். எல்லோரும் பூக்கூடைப் பக்கம் குனிந்துகொண்டார்களாம். ஆனால் பூசை முடிந்து செருப்புப் போடும் இடத்தில் ஒருவர் வந்து காதோடு கேட்டார். அடுத்த வெள்ளி இன்னொருவர். உணவகத்தில் பாத்திரம் கழுவியவர்கள், விடுதி அறைகள் துப்புரவாக்கியவர்கள், தையல் வேலை செய்தவர்கள். எல்லோருடைய கைகளும் அம்மாவின் கைகளைப் போலத்தான். அம்மா சின்ன ஜாம் போத்தல்களில் போட்டு, மூடியில் செய்த திகதியைத் தன் கையால் எழுதிக் கொடுத்தார். ஒரு சதமும் வாங்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் பொலிஸார் இருவர் வந்தார்கள். யாரோ மணத்தைப் பற்றி அறிவித்திருந்தார்கள். அப்பா கோயிலிலிருந்து வந்து வேட்டியோடும் விபூதியோடும் நின்றார். அவருடைய முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. அம்மா அவர்களைப் பல்கனிக்குக் கூட்டிப்போனார். அவர்கள் செடிகளைப் பார்த்தார்கள், பூட்டிய அலுமாரியைப் பார்த்தார்கள். சட்டப்படி சரி என்றார்கள். புறப்படும்போது பெண் அதிகாரி ஒன்றை விளக்கினார்: வீட்டில் வளர்த்ததையோ அதில் செய்ததையோ வேறு எவருக்கும் கொடுக்கக் கூடாது, இலவசமாகவும் கூடாது. அம்மாவுக்கு அது அதுவரை தெரியாது. விளங்கியது என்று ஜேர்மன் மொழியில் சொன்னார். கதவு சாத்தியதும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இப்பவே பிடுங்கி எறியிறன்,” என்று அப்பா பல்கனிப் பக்கம் போனார்.

“பொலிசே விட்டிட்டுப் போட்டுது. நீங்கள் ஏன் பிடுங்கிறியள்?”

அப்பா நின்றுவிட்டார். செடிகள் தப்பின. ஆனால் அன்றிலிருந்து அம்மா ஒரு போத்தலும் வெளியே கொடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம், “தர ஏலாது பிள்ளை, சட்டம் விடாது. வேணுமெண்டா நீங்கள் உங்கட வீட்டில வையுங்கோ. செய்யிற விதத்தைச் சொல்லித்தாறன்,” என்றார். சிலர் வைத்தார்கள். பலர் பயந்து விட்டுவிட்டார்கள்.

பொலிஸ் வந்த கதை கோயிலுக்குப் போனது. அந்த ஆண்டுக் கூட்டத்தில் அப்பா நிர்வாக சபையிலிருந்து விலகினார். விலகச் சொன்னார்களா, தானாக விலகினாரா என்பதை அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. வீட்டிலும் பேச்சு குறைந்தது. அம்மா களிம்பு கிண்டும் நாட்களில் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடக்கப் போய்விடுவார். அம்மா பல்கனியின் யன்னலைத் திறந்துவைத்து மணம் போன பிறகுதான் அவர் திரும்பி வருவார். அப்படியே ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் கழிந்தன.

அதன் பிறகு அம்மாவுக்கு முதுகில் நோவு வந்தது. முதலில் களிம்பைத்தான் பூசினார். கொஞ்ச நாளில் போத்தலை மூடி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இது தோலில நிக்கிற நோ இல்லைப் பிள்ளை. இது உள்ளுக்கு இருந்து வருது. ஒரு டெர்மின் எடுத்துத் தா.”

கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்தபோது அது பரவிவிட்டிருந்தது. வைத்தியர் எங்களை இருத்தி வைத்து மெதுவாகச் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். நான் சுவரில் தொங்கிய நாட்காட்டிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு கலங்கரை விளக்கம். வீடு திரும்பும் எஸ்-பான் ரயிலில் அப்பா அம்மாவின் கைப்பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இறங்கும் தரிப்பிடம் வந்ததை அம்மாவுக்கு அவர்தான் நினைவுபடுத்தினார்.

கடைசி வாரங்கள் வைத்தியசாலையின் நோவாற்றும் பிரிவில் கழிந்தன. உள் நோவுக்கு அவர்கள் வலிய மருந்துகள் கொடுத்தார்கள். அது நன்றாக அடங்கியது. அதற்காக அவர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் படுத்தே இருந்ததால் விரல்கள் மீண்டும் இறுகின. தண்ணீர்க் குவளையைப் பிடிக்க முடியவில்லை. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் காலை அப்பா உள்ளே வந்து, மேலங்கிப் பையிலிருந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்தார். தாதியிடம் போய், அது என்னவென்று ஒளிக்காமல் சொல்லி, பூசலாமா என்று கேட்டார். தாதி வைத்தியரிடம் கேட்டுவந்து, கையில் பூசுவதானால் பூசுங்கள் என்றார்.

அப்பா கதிரையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டார். அந்தக் களிம்பை அவர் அதுவரை தொட்டதில்லை.

“எந்த விரல்?”

“எல்லா விரலும்தான்.”

அப்பா பூசினார். கொஞ்ச நேரத்தில் அம்மா, “இடியப்பமே பிழியிறியள்? மெல்ல,” என்றார். அப்பா மெல்லப் பூசினார். பிறகு ஒவ்வொரு நாள் காலையும் வந்து பூசினார். அப்பா வைத்தியசாலையிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போவார், அந்தக் கையோடு. ஒருவர் அருகில் வந்து மோந்து பார்த்துவிட்டு, “என்னண்ணை இது?” என்று கேட்டாராம். “மனுசியின்ர மருந்து,” என்று அப்பா சொன்னாராம். இதை அந்த ஒருவரே செத்தவீட்டில் என்னிடம் சொன்னார்.

அம்மா ஒரு பின்னேரம் அமைதியாகப் போனார். நாங்கள் இருவரும் பக்கத்தில் இருந்தோம். வெளியே மழை பெய்தது. நான் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, நாளைக்கு வரமாட்டேன் என்று சொன்னேன்.

அம்மாவின் நோயிலும் மறைவிலும் துணைநின்றவர்களை இங்கே நினைக்கிறோம். ஒவ்வொரு நாளும் அவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கதவைத் தட்டிவிட்டே உள்ளே வந்த தாதிமார்; வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறும் கறியும் கொண்டுவந்த அயலவர்கள்; பிராங்பேர்ட்டிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஊரிலிருந்தும் விசாரித்த சொந்தங்கள்; கிரியைகளை நடத்திய ஐயா; அம்மாவின் பெட்டிக்கு மாலை கட்டிய கோயில் பெண்கள்; தகனச்சாலையில் மொழி விளங்காமல் கடைசிவரை எங்களோடு நின்ற, தடாகப் பயிற்சி ஜேர்மன் பெண்மணி. உங்கள் எல்லோருக்கும் அப்பாவும் நானும் கைகூப்புகிறோம்.

இன்னும் ஒரு விடயம். செத்தவீட்டுக்குச் சனம் வருமென்று உறவினர்கள் வீட்டைத் துப்புரவாக்கியபோது பல்கனிச் செடிகளையும் அலுமாரியில் இருந்த போத்தல்களையும் எறிந்துவிட்டார்கள். எங்களுக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. அப்பா மறுநாள் அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்தினார். இந்தக் கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டியபோதுதான் ஒன்றை இதில் சேர்க்கச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“அவ முந்திக் குடுத்த போத்தல் ஆரிட்டயாவது இருந்தா, அந்தியேட்டிக்கு வரேக்க கொண்டு வாங்கோ. வெறும் போத்தலெண்டாலும் காணும். மூடியில அவவின்ர கையெழுத்து இருக்கும். கழுவ வேண்டாம்.”