ஓட்டுபவர்: மனைவி

சரவணகுமாருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கிளட்ச் எந்தக் கால், பிரேக் எந்தக் கால் என்று கேட்டால் குனிந்து தன் கால்களைப் பார்ப்பான். அப்படிப்பட்ட மனிதனுக்குத்தான், ஒன்பது வருஷமாக ஒரு விபத்து இல்லை, ஒரு ரூபாய் நஷ்டஈடு கேட்டதில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி லெட்டர்பேடில் சீல் வைத்து நற்சான்று வந்திருந்தது.

அதைப் படித்துவிட்டு அவன் மனைவி அருணாதேவி சிரித்தாள். அயர்லாந்திலிருந்து பன்னிரண்டு நாள் லீவில் வந்து, திருவண்ணாமலை மலைக்குப் பின்புறம் அடி அண்ணாமலையில் இருக்கும் வீட்டின் கூடத்தில் பெட்டியைக்கூடத் திறக்காமல் நின்றுகொண்டு சிரித்தாள். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை என்று மாமியார் வெள்ளையம்மாளுக்கு உடனே விளங்கிவிட்டது. காபி போடுகிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அந்தக் காரை வாங்கியது அருணா. திருவண்ணாமலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, சம்பளத்தைக் காட்டி லோன் போட்டு வாங்கினாள். ஓட்டக் கற்றதும் அவள்தான். நைட் டூட்டி முடித்து, கண் எரிய எரிய டிரைவிங் ஸ்கூல் வண்டியில் ஏறிக் கற்றாள். ஆனால் ஷோரூமில் பேர் எழுதும்போது வெள்ளையம்மாள் குறுக்கே விழுந்தாள்: "வண்டி ஆம்பள பேர்ல இருந்தாத்தாம்மா நாலு பேரு மதிப்பாங்க." அருணாவுக்கு அப்போது வயிற்றில் கவிநிலா, ஆறு மாசம். நின்று சண்டை போடத் தெம்பில்லை. பேர் யாருதா இருந்தா இன்னா, சாவி என் பையிலதானே என்று விட்டுவிட்டாள். அவள் வாழ்க்கையில் விட்டுக்கொடுத்தது நிறைய இருக்கும். அதிலெல்லாம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்து நின்றது இந்த ஒன்றுதான்.

ஒன்பது வருஷம் ஓட்டினாள். இந்த ஊரில் ஓட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. விளக்கில்லாமல் வரும் மணிலாக்கொட்டை மூட்டை டிராக்டர், ரோட்டைத் தன் வீட்டு முற்றமாக நினைக்கும் மாடு, அண்ணாந்து மலையைப் பார்த்தபடியே குறுக்கே வரும் வெளியூர் பக்தர் என்று எல்லாரையும் காப்பாற்றிக்கொண்டு ஓட்டினாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பிரசவ வலியோடு இரண்டு பெண்களைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். ஒரு தடவை வேன்காரன் ஒருவன் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனான். இன்சூரன்ஸில் கேட்டால் ரெக்கார்டு கெடும் என்று கைக்காசு போட்டு மாற்றினாள். அந்த ரெக்கார்டுதான் இப்போது புருஷன் பேரில் சீல் வைத்து வந்திருக்கிறது.

சரவணகுமார் கெட்டவன் இல்லை. கீழ்பென்னாத்தூர் அரிசி மில்லில் கணக்கெழுதுகிறவன், குடிக்கமாட்டான், மகளுக்குத் தலை பின்னிவிடுவான். ஒரே ஒரு வியாதி. டீக்கடையில் யாராவது கேட்டால், "உள்ளூர்ல அவ ஓட்டுவா. வேலூர் தாண்டினா நான்தான் புடிப்பேன்" என்பான். அவனோடு வேலூரைத் தாண்டிப் போய்ப் பார்த்தவர் அந்த டீக்கடையில் யாரும் இல்லை என்கிற தைரியம்.

அயர்லாந்துக் கதை இதுதான். ஒரு சின்ன ஊருக்கு வெளியே, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, முதியோர் இல்லத்தில் அருணாவுக்கு நர்ஸ் வேலை. டூட்டி காலை ஏழு மணிக்கு. முதல் பஸ் எட்டரைக்கு. இதுவரை கூட வேலை செய்யும் ஒரு கேரளத்துப் பெண்ணின் காரில் தொற்றிக்கொண்டு போய்வந்தாள். அந்தப் பெண் இந்த மாசக் கடைசியில் வேறு ஊருக்குப் போகிறாள். கார் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அங்கே தங்கும் பர்மிட் இல்லை. பர்மிட் இல்லையென்றால் கவிநிலாவை அங்கே அழைத்துக்கொள்ளும் பேச்சே இல்லை.

அங்கே லைசென்ஸ் பரீட்சையை முதல் தடவையே பாஸ் செய்துவிட்டாள். இரண்டாயிரத்து ஐந்நூறு யூரோவில் ஒரு பழைய காரும் பார்த்து வைத்தாள். இன்சூரன்ஸ் கேட்டால் ஒரு வருஷத்துக்கு நாலாயிரம் என்றார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஏன் இவ்வளவு என்று போனில் கேட்டதற்கு, உங்களுக்கு ஐந்து மாச அனுபவம்தானே என்றாள் அந்தப் பக்கத்துப் பெண். ஒன்பது வருஷம் இந்தியாவில் ஓட்டியிருக்கிறேன் என்றாள் அருணா. நல்லது, உங்கள் பேரில் அங்குள்ள கம்பெனி எழுதிக் கொடுக்கட்டும், பாதிக்கு மேல் குறைக்கிறோம் என்று பதில் வந்தது. அதற்காக எழுதிக் கேட்டதற்குத்தான் சரவணகுமாருக்கு நற்சான்று வந்தது.

அன்று சாயங்காலமே வீட்டில் பஞ்சாயத்து கூடியது. கொழுந்தன் இளவரசன் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன். எதற்கும் அவனிடம் ஒரு குறுக்குவழி இருக்கும்.

"அண்ணி, ஏன் மண்டைய உடைச்சிக்கிறீங்க? அண்ணன அங்க கூப்பிட்டுக்கோங்க. அண்ணன் பேர்லயே இன்சூரன்ஸ் போடுங்க. ஒம்போது வருஷ ரெக்கார்டு, கம்மியா வரும். ரெண்டாவது டிரைவரா உங்க பேரைச் சேத்துட்டாப் போச்சு."

"உங்க அண்ணனுக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம்னு தெரியுமா?"

"அது அந்தக் கம்பெனிக்கு எப்டி அண்ணி தெரியும்?"

"ஓட்டத் தெரியாதவருக்குக் கம்மி, ஓட்டினவளுக்கு ஜாஸ்தி. நல்லா இருக்குது தம்பி உன் நியாயம்." அவள் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அங்க அதுக்குப் பேரு மோசடி. நான் புடிபட்டா பர்மிட்டே போய்டும். புடிபடலன்னாலும் செய்யமாட்டேன்."

வெள்ளையம்மாள் உள்ளேயிருந்து, "குடும்பத்துல யாரு பேர்ல இருந்தா இன்னாம்மா, எல்லாம் ஒண்ணுதானே" என்றாள்.

"ஒண்ணுதான் அத்தை. அப்போ என் பேர்லயே இருந்திருக்கலாமே."



மறுநாள் ஏஜென்ட் பரசுராமன் ஸ்கூட்டரில் வந்தார். இருபது வருஷமாக அந்தப் பக்கத்தில் பாலிசி எழுதுகிறவர். நர்ஸ் என்பதால் அருணாவை சிஸ்டர் என்றே கூப்பிடுவார். விஷயத்தைக் கேட்டதும் கையை உதறினார்.

"இதுக்கா இம்மாம் கவலை சிஸ்டர்? லெட்டர்பேடு என்கிட்ட கெடக்குது. பேரை மாத்தி அடிச்சு, ஒரு சீல் வச்சுட்டா முடிஞ்சிது."

"அங்க இருக்கிற கம்பெனிக்காரங்க இங்க மெயில் போட்டுக் கேப்பாங்க. பொய்னு தெரிஞ்சா ரத்து பண்ணிடுவாங்க. அப்புறம் ஆயுசுக்கும் எனக்கு ஒரு கம்பெனியும் குடுக்கமாட்டான்." ஒரு மூச்சு விட்டுச் சொன்னாள்: "அதுவுமில்லாம, நெஜமாவே ஓட்டினது நானு. அதுக்கு எதுக்குங்க நான் பொய்க் கடுதாசி கொண்டுட்டுப் போவணும்?"

பரசுராமனுக்கு முகம் சுருங்கிவிட்டது. உதவ வந்தவனைத் திருடனாக்கிவிட்டார்களே என்கிற வருத்தத்தில், வாயை அடக்காமல் விட்டார்.

"எனக்கு இன்னா சிஸ்டர், உங்க நல்லதுக்குச் சொன்னேன். வருஷா வருஷம் உங்க வீட்டுக்காரர் எழுநூறு எண்ணூறு ரூபா மிச்சம் புடிக்க என்கிட்ட கடுதாசி எழுதிக் குடுப்பாரு. அப்பல்லாம் நான் நல்லவன்."

"இன்னா கடுதாசி?"

சரவணகுமார் எழுந்து ஃபேன் ஸ்விட்சைத் தட்டினான். ஃபேன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது.

விஷயம் இது. வண்டிக்குச் சொந்தக்காரர் ஓட்டும்போது அடிபட்டால் அவருக்கென்று ஒரு காப்பீடு உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். சொந்தக்காரருக்கு லைசென்ஸே இல்லையென்றால் அதைக் கட்டத் தேவையில்லை. ஆனால் லைசென்ஸ் இல்லை என்றும், வண்டியை யார் ஓட்டுகிறார் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அரிசி மில் கணக்குப்பிள்ளை அந்த ரூபாயை விடுவானா? ஒவ்வொரு வருஷமும் எழுதிக் கொடுத்திருக்கிறான். 'எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. ஓட்டுபவர்: மனைவி, அருணாதேவி.' கீழே அவளுடைய லைசென்ஸ் நம்பர். வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று பரசுராமனிடம் கேட்டுக்கொண்டு, முத்து முத்தான கையெழுத்தில்.

அருணா அவனையே பார்த்தாள். இந்தத் தடவை வந்தது நிஜமான சிரிப்பு.

"ஒம்போது வருஷமா டீக்கடைல ஒண்ணு, ஆபீஸ்ல ஒண்ணு. நல்லா இருந்துச்சுங்க."

"அருணா, அது சும்மா..."

"சும்மா இல்ல. அந்தக் கடுதாசிங்கதான் எனக்கு வேணும்."

பரசுராமன் மூலமாகக் கம்பெனி தலைமை ஆபீசிலிருந்து அந்தப் பழைய காகிதங்களின் நகலை வரவழைக்க ஒன்பது நாள் ஆனது. வந்து சேர்ந்த வெள்ளிக்கிழமைதான் அருணா ஊரில் இருக்கும் கடைசி ஆபீஸ் நாள். சனிக்கிழமை இரவு விமானம். அந்த வெள்ளிக்கிழமை பௌர்ணமி. வீட்டை ஒட்டிப் போகும் கிரிவலப் பாதையெங்கும் தடுப்பு போட்டு, ஒரு வண்டியையும் விடவில்லை. கம்பெனியின் கிளை ஆபீசில் போனில் கேட்டதற்கு, சொந்தக்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் பேசவே முடியும் என்றார்கள்.

"அடுத்த வாரம் நான் மட்டும் போய் வாங்கி அனுப்பறேனே" என்றான் சரவணகுமார்.

"அடுத்த வாரம் நீங்க போகமாட்டீங்க. செருப்பைப் போடுங்க."

ஊருக்குள் ஐந்தாறு கிலோமீட்டர். கிரிவலக் கூட்டம் போகிற திசையும் அதுதான். அரோகரா சத்தத்துக்கு நடுவே ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். அவன் பின்னால் வந்தான். வேண்டுதலா என்று ஒரு அம்மா கேட்டாள். "இல்லம்மா, இன்சூரன்ஸு" என்றாள் அருணா.

மாடியில் இருந்த ஆபீசில் நாலு பேர் காத்திருந்தார்கள். அதில் ஒருவர், சரவணகுமார் வேலூர்க் கதை அளக்கும் அந்த டீக்கடைக்காரர் இனியன், பைக் பாலிசியைப் புதுப்பிக்க வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் சரவணகுமார் மனைவிக்குப் பின்னால் ஒதுங்கினான்.

மேனேஜர் வளவன் சின்ன வயசுக்காரர், மரியாதையாகப் பேசினார். "மேடம், பாலிசி சார் பேர்ல இருக்குது. சர்ட்டிபிகேட்டும் சார் பேர்லதான் தர முடியும். ரூல் அப்படி."

அருணா காகிதங்களை எடுத்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். "இதுவும் உங்க ரூல்தான் சார். யார் ஓட்டுறாங்கன்னு வருஷா வருஷம் நீங்க கேட்டிருக்கீங்க. அவரு எழுதிக் குடுத்திருக்காரு. அதை நம்பித்தானே காசைக் கொறச்சீங்க? காசைக் கொறைக்க நான் டிரைவர், கடுதாசி குடுக்க மட்டும் அவரு டிரைவரா?"

வளவன் படித்தார். இரண்டாவதையும் படித்தார். பிறகு கேட்டார், வேண்டுமென்று சத்தமாக இல்லை, ஆனால் அறை சின்னது. "சார், நீங்க இந்த வண்டிய எப்பவுமே ஓட்டினதில்லையா?"

இனியன் திரும்பிப் பார்த்தார். அருணா புருஷனுக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. தலையைத் திருப்பவும் இல்லை. அவன் இப்போது மழுப்பினால் எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். வேலை, பர்மிட், மகள், எல்லாம் இவன் வாயில் நின்றது. அதை நினைக்க அவளுக்குக் கோபமாக வந்தது.

சரவணகுமார் மேசைப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தான்.

"இல்லீங்க. ஒரு நாள்கூட இல்ல. வேலூருக்கு இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல. எல்லாம் அவங்கதான் ஓட்டினாங்க."

இனியன் சிரிக்கவில்லை. "அது எங்களுக்குத் தெரியும்பா" என்றார்.

வளவன் மேலே யாரிடமோ போனில் கேட்டார். ஒரு மணி நேரம் ஆனது. டைப் செய்து வந்த கடிதத்தில், திரு. சரவணகுமாரின் வாகனத்தை அவருடைய மனைவி ஒன்பது ஆண்டுகள் விபத்தின்றி ஓட்டிவந்தார் என்று இருந்தது. அருணா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"மனைவிக்குப் பேர் இருக்குது சார்."

இரண்டாவது பிரதியில் பேர், லைசென்ஸ் நம்பர், வருஷங்கள் எல்லாம் வந்தன. படிக்கட்டிலேயே நின்று கடிதத்தைப் போட்டோ எடுத்து அயர்லாந்துக்கு அனுப்பினாள்.

வீடு திரும்பவும் நடைதான். வந்த வழியே எதிர்த்துப் போகக் கூட்டம் விடாது என்று செங்கம் ரோடு வழியாகச் சுற்றினார்கள். வேண்டிக்கொள்ளாமலே கிரிவலம் ஒன்று முடியப்போகிறது. மாமியாருக்கு அதிலாவது சந்தோஷம் கிடைக்கட்டும் என்று நினைத்தாள். ரமணாசிரமம் தாண்டி ஒரு கடையில் லெமன் டீ குடிக்கும்போது பதில் வந்தது. நாலாயிரம், ஆயிரத்து எழுநூறாக இறங்கியிருந்தது. விண்ணப்பத்தை இப்போதே நிரப்பலாம் என்று ஒரு இணைப்பும் இருந்தது.

கால் வலியை மறந்து பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினாள். வண்டியின் உரிமையாளர்: அருணாதேவி. வண்டியை ஓட்டுபவர்: அருணாதேவி. இரண்டையும் டைப் செய்துவிட்டு ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரவணகுமார் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். மூன்றாவது கட்டத்தில், வேறு யாராவது ஓட்டுவார்களா என்று கேட்டிருந்தது.

"என் பேரை அதுல..." என்று இழுத்தான்.

"மொதல்ல எல் போர்டு வாங்குங்க" என்று சொல்லிவிட்டு, இல்லை என்பதை அழுத்தினாள்.