பேசக் கூடாத நண்பரோடு மழைக்காட்டில்

போன வாரம் என் முதுகில் ஒரு பைனாகுலர் வந்து விழுந்தது.

தவறி விழவில்லை. குறி பார்த்து எறியப்பட்டது. எறிந்தவர் எதிரியும் அல்ல — முப்பது வருடமாக என்னோடு டீ குடிக்கும் நண்பர் மைதீன். இடம், மணிமுத்தாறுக்கு மேலே உள்ள மழைக்காடு. பைனாகுலர் என் மருமகன் சிங்கப்பூரில் வாங்கியது. ‘ஜாக்கிரதை மாமா’ என்று சொல்லித்தான் கொடுத்தார். எது எதற்கு ஜாக்கிரதை என்று சொல்லவில்லை.

எதற்காக எறிந்தார்? அதைச் சொல்ல எங்கள் ஊர் மேலப்பாளையத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மைதீன் வாழைத்தார் மண்டியில் ஏலம் விடுகிறவர். விடியும் முன்னால் தொடங்கினால் வெயில் ஏறும் வரை ஏத்தன், நாடு, கதலி, செவ்வாழை என்று தார் தாராகக் கூவ வேண்டும். அவர் ‘ஒரு தரம்’ என்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். மைக்கைத் தொடவே மாட்டார். “மைக்கப் புடிச்சு ஏலம் விட்டா அவன் ஏலக்காரனாவே? கல்யாண வீட்ல மொய் வாசிக்கவன்” என்பார்.

அந்தத் தொண்டையில் ஒரு கட்டி வந்துவிட்டது. பயப்படும்படியான கட்டி இல்லை. வருடக் கணக்கில் கத்திக் கத்தி வந்தது. பாளையங்கோட்டையில் டாக்டர் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டு ஒரே ஒரு கட்டளை போட்டார் — பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது பேசுவதை விட மோசமாம். மீறினால் பழைய குரல் வரும் என்று சொல்ல முடியாது என்றார்.

இதற்குள் மண்டி முதலாளி தன் மச்சினனை மைக்கோடு நிறுத்திவிட்டார். ‘தற்காலிகமா’ என்று சொன்னாராம். தற்காலிகம் எவ்வளவு நிரந்தரமானது என்று முப்பது வருடம் அரசாங்க ஆபீஸில் இருந்த எனக்குத் தெரியாதா? குரல் வந்தால் மைதீனுக்கு மண்டி. வராவிட்டால்... ஐம்பத்தாறு வயதில் புதிதாக என்ன தொழில் பழகுவது?

சரி, பத்து நாள்தானே, வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்பவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் போய்ப் பார்க்க வேண்டும். அது கடமை. பார்க்காவிட்டால் அடுத்த கல்யாணத்தில் முகத்தில் விழிக்க முடியாது. பார்க்கப் போனால் விசாரிக்க வேண்டும். விசாரித்தால் பதில் வர வேண்டும். மைதீன் வீட்டுக் கூடத்தில் ரொட்டியும் திராட்சையும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் குவிந்தன. கூடவே கேள்விகளும்.

“என்ன மைதீனு, பேசவே கூடாதாமே?”

மைதீன் தலையாட்டுவார்.

“ஏன்?”

இதற்கு எப்படித் தலையாட்டுவது? ஒருவர், “நீ பேச வேண்டாம், எப்படி ஆச்சுன்னு மட்டும் மொதல்லருந்து சொல்லு” என்றார். அவர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். மூன்றாம் நாள் சாயங்காலம் மைதீனின் உதடு துடிப்பதை நானே பார்த்தேன். இன்னும் இரண்டு பேர் வந்து விசாரித்தால் மனுஷன் உடைந்துவிடுவார் என்று தோன்றியது.

அவர் மனைவி பாத்திமா என்னை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டார்.

“அண்ணே, இவங்கள எங்கயாவது மனுச வாடையே இல்லாத எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. இங்கன இருந்தா விசாரிச்சு விசாரிச்சே ஊமையாக்கிருவாங்க.”

அப்படித்தான் நாங்கள் காட்டுயிர் பார்க்கப் போனோம். இயற்கை ஆர்வம், சுற்றுச்சூழல் அக்கறை என்றெல்லாம் யாரும் தவறாக நினைத்துவிட வேண்டாம். காட்டில் யாரும் நலம் விசாரிக்க மாட்டார்கள் — அவ்வளவுதான் காரணம்.

செக்போஸ்ட் தாண்டி, ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி மேலே போனால் ஒரு ஓய்வு விடுதி. போனில் சிக்னல் இல்லை. சுற்றிலும் மரம், மரத்தின் மேல் மரம், அதன் மேல் மேகம். கீழே தாமிரபரணிக் கரையில் நாற்பது டிகிரியில் வெந்துகொண்டிருக்கும்போது, இங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அட்டைக் கடி வாங்கிக்கொண்டிருந்தோம். அட்டை கடித்ததும் நான் ஊரைக் கூட்டினேன். மைதீன் சத்தமில்லாமல் காலை உதறினார்.

விடுதியின் காவலர் சுடலைக்கு மைதீனை ரொம்பப் பிடித்துவிட்டது.

“இத்தன வருசத்துல இப்படி ஒரு கெஸ்ட்ட பாத்ததில்ல சார். ஒரு சத்தம் இல்ல பாருங்க. நீங்களும் கொஞ்சம்...” என்று என்னைப் பார்த்து இழுத்தார்.

நான் என்ன செய்வது? ஒருவர் பேசாவிட்டால் இன்னொருவர் இருவருக்குமாகப் பேச வேண்டியிருக்கிறது. எனக்கு மௌனம் பழக்கமில்லை. மைதீனும் நானும் சேர்ந்தால் வழக்கமாக அவர் முக்கால் பங்கு, நான் கால் பங்கு. இப்போது முழுப் பங்கும் என் தலையில். பென்ஷன், மருமகன், மாஞ்சோலைக்கு அந்தக் காலத்தில் வந்தது என்று விடாமல் ஓடியது என் வாய்.

விளைவு? மைதீன் எல்லாவற்றையும் பார்த்தார். நான் வால்களை மட்டும் பார்த்தேன்.

அவர் என் கையைத் தட்டி மேலே காட்டுவார். “எங்கவே?” என்பேன். அதற்குள் இலை அசைந்து அடங்கும். மலை அணிலின் வால் ஒன்று. கருங்குரங்கின் வால் ஒன்று. எதனுடையது என்று சுடலைக்கே தெரியாத வால் ஒன்று. ஒவ்வொரு தடவையும் மைதீன் நெற்றியில் அடித்துக்கொள்வார். நெற்றியில் அடித்துக்கொள்ளத் தொண்டை தேவையில்லை.

காட்டில் மூன்றாம் நாள் காலை. சுடலை ஜீப்பில் ஏதோ பழுது பார்க்கப் போயிருந்தார். “தனியா எங்கயும் போயிராதிய” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கீழே ஓடை இருக்கிறது, கூப்பிடு தூரம்தான். அது எப்படி ‘எங்கயும்’ ஆகும்? நான் கிளம்பினேன். வேண்டாம் என்று கையைக் காட்டிக்கொண்டே மைதீனும் பின்னால் வந்தார். பைனாகுலர் அவர் கழுத்தில் இருந்தது. எப்படியும் பார்ப்பவர் அவர்தானே.

பாதி வழியில் தலைக்கு மேலே பெரிய இறக்கைச் சத்தம். இருவாச்சி! பழைய நிலக்கரி ரயில் புறப்படுகிற மாதிரி புஸ் புஸ்ஸென்று ஒரு சத்தம் உண்டு அதற்கு. இதையாவது முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று அண்ணாந்தபடியே நடந்தேன். நடந்துகொண்டே, “மைதீனு, கேட்டீரா? அந்தா... அந்தக் கொம்புல...” என்று சொல்லிக்கொண்டும் போனேன்.

அப்போதுதான் முதுகில் விழுந்தது அடி.

“கிறுக்குப் புடிச்சிட்டாவே ஒமக்கு?” என்று திரும்பினேன். மைதீன் வாயைத் திறந்தபடி நின்றார். முகம் வெளுத்திருந்தது. கை எனக்கு முன்னால் எதையோ காட்டியது.

பார்த்தேன். ஓடைக்கரை மூங்கிலுக்கு நடுவில் நான் பாறை என்று நினைத்திருந்தது காதை ஆட்டியது.

ஒற்றை யானை. இன்னும் பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்திருந்தால் அதன் காலடியில் போய் நின்றிருப்பேன். அது மூங்கிலை ஒடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். என் வாய் தானாக மூடிக்கொண்டது — மூன்று நாளில் முதல் முறையாக.

பைய, பையப் பின்னால் நகர்ந்தோம். யானைக்கு எங்கள் மேல் பெரிய அபிப்பிராயம் எதுவும் இல்லை. இன்னொரு மூங்கிலை ஒடித்தது. நாங்கள் விடுதிப் படியில் வந்து விழுந்தோம்.

மூச்சு வந்ததும் எனக்கு முதலில் வந்தது நன்றி அல்ல, கோபம். பயந்தவனுக்குக் கோபம் வருவது சகஜம்தானே? கையோடு பொறுக்கிக்கொண்டு வந்திருந்த பைனாகுலரில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. அதையும் பார்த்ததும் இன்னும் ஏறியது.

“ஏன்வே, ஒரு சத்தம் குடுத்தா தேஞ்சா போயிருவீரு? நான் யான கால்ல விழப் போறேன், நீரு தொண்டையப் பத்திரமா வச்சுக்கிட்டு சாமானத் தூக்கி எறியுதீரு! என் உசுர விட ஏலம் பெருசாப் போச்சா ஒமக்கு?”

மைதீன் வாயைப் பெரிதாகத் திறந்தார் — மண்டியில் நிற்கும்போது திறப்பாரே, அப்படி. தொண்டையைத் தொட்டுக் காட்டினார். பிறகு உள்ளங்கையை விரித்தார். ஒன்றும் இல்லை.

நான் அந்த வெறுங்கையைப் பார்த்தேன்.

“கத்தினீரா?”

தலையசைத்தார்.

“வரலையா?”

அவர் குனிந்து, காலில் இல்லாத அட்டையைத் தேடினார்.

அவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். டாக்டரும் மண்டியும் மச்சினனும் எதுவும் நினைவில்லாமல், இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தியிருக்கிறார். வெறும் காற்றுதான் வந்திருக்கிறது. அதற்கப்புறம்தான் கைக்குக் கிடைத்ததை எறிந்திருக்கிறார். யானையைப் பார்த்தபோது கூட எனக்கு அவ்வளவு பயம் இல்லை. எனக்கு நிஜமான பயம் அப்போதுதான் வந்தது. வெட்கமும் வந்தது. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கஷ்டம்.

“வாரும், இப்பவே கீழ போவோம். டாக்டரப் பாப்போம்” என்றேன்.

வேண்டாம் என்று கையசைத்தார். நாளைக்கு என்று சைகை காட்டினார். கீழே போனால் எல்லோரும் கேட்பார்கள். குரல் வந்ததா என்று கேட்பார்கள். அவருக்கு இன்னும் ஒரு நாள், யாரும் கேட்காத ஒரு நாள் தேவைப்பட்டது. அதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

அன்று பகல் முழுக்க நானும் பேசவில்லை. வைராக்கியம் எல்லாம் இல்லை. பேச ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு பேரும் படியில் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் தாண்டி எதிர்ப் பலாமரத்துக்குச் சிங்கவால் குரங்குக் கூட்டம் ஒன்று வந்தது. கறுப்பு முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி. பெரிய உத்தியோகத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர்கள் போல அவ்வளவு கம்பீரம். ஒன்று பலாச்சுளையைப் பிய்த்துத் தின்றது. குட்டி ஒன்று அம்மாவின் கையிலிருந்து பறிக்கப் பார்த்து அடி வாங்கியது. நிழல் சாயும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பயணத்தில் நான் முகம் பார்த்த முதல் பிராணிகள், யானையைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

நாம் பெரும்பாலும் எதற்காகப் பேசுகிறோம் என்று அன்றைக்கு யோசித்தேன். விசாரிக்க வருகிறவர்களுக்கு உண்மையில் பதில் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் கஷ்டத்தோடு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியாது. அதனால் கேட்டு வைக்கிறார்கள். நானும் மூன்று நாள் அதைத்தான் செய்திருக்கிறேன்.

மறுநாள் மணிமுத்தாறில் இறங்கியதும் போனுக்கு உயிர் வந்தது. மைதீனின் வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் எல்லோரும் ‘பேச முடியுதா?’ என்று கேட்டிருந்தார்கள். எல்லாம் வாய்ஸ் மெசேஜ். அவர் போனை அணைத்துப் பையில் போட்டார்.

முன்னதாகப் போக மைதீன் சம்மதிக்கவில்லை; குறித்த நாளில்தான் டாக்டரிடம் போனோம். மைதீன், பாத்திமா, நான். டாக்டர் குழாயை விட்டுப் பார்த்தார். “நடுவுல சத்தம் போட்டீங்களா?” என்றார். நான்தான் யானைக் கதையைச் சொன்னேன். முதல் முறையாகச் சுருக்கமாகச் சொன்னேன்.

“வராமப் போனது நல்லதாப் போச்சு. பயத்துல தொண்டை இறுகியிருக்கும். அன்னைக்கு அந்தச் சத்தம் வந்திருந்தா, ஆறிக்கிட்டு இருந்த இடம் பிரிஞ்சிருக்கும்” என்றார் டாக்டர். “இப்போ புண் ஆறியிருக்கு. ஆனா குரல் எப்படி இருக்குன்னு பேசினாத்தான் தெரியும். ஏலமெல்லாம் அப்புறம். முதல்ல மெதுவா ஒரு வார்த்தை சொல்லுங்க.”

மைதீன் வாயைத் திறக்கவில்லை.

“பேரைச் சொல்லுங்களேன்.”

திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று டாக்டருக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. இவர் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டார், ஒன்றும் வரவில்லை. இரண்டாம் தடவையும் வராவிட்டால்? பாத்திமா துப்பட்டியின் முனையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அங்கே இருக்கத் தைரியம் இல்லை. “நான் வெளிய இருக்கேன்” என்று எழுந்தேன். கதவில் கை வைத்தேன்.

“நில்லும்வே!”

கரகரவென்று, உடைந்து, பாதி காற்றாக வந்தது. மண்டியில் கேட்கும் குரல் அல்ல. பக்கத்து அறைக்குக் கூடக் கேட்டிருக்காது. காட்டில் அவர் வாயில் நின்றுபோன வார்த்தை அதுதான் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

யானை போய் நாலைந்து நாள் ஆகியிருந்தது. ஆனாலும் நின்றேன்.