பருப்பு வெந்த பிறகு பத்திரம்

1. கேட்டில் தொங்கிய போர்டு

"நேரடி விற்பனை. புரோக்கர்கள் உள்ளே வர வேண்டாம்" என்று சிவப்பு எழுத்தில் எழுதி கேட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த போர்டுக்குக் கீழே நின்றுகொண்டுதான் ஸ்டெல்லாவுக்காகக் காத்திருந்தேன். ஸ்டெல்லா வீடு வாங்க வருகிறவள். நான் புரோக்கர்.

தர்மபுரியில் எனக்கு 'ஜெராக்ஸ் கோகிலா' என்று பெயர். பத்திரப்பதிவு ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். காபி எடுக்கக் கொடுத்த பத்திரங்களை, மெஷின் சூடாகும் நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் படிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச காலத்தில், "மூலப்பத்திரத்துல ஒரு அளவு இருக்குது, இதுல வேற அளவு இருக்குதுங்களே" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். காபி எடுக்க வருகிறவர்கள் குறைந்து, யோசனை கேட்க வருகிறவர்கள் கூடினார்கள். மெஷின் ரிப்பேரானபோது அதை விற்றுவிட்டு முழுநேரப் புரோக்கர் ஆனேன். இருபது வருஷம் ஆகிறது.

முன்பெல்லாம் மனை வாங்கி விற்பதுதான் தொழில். இப்போது வரிசையாக ஆறு வீடு, எட்டு வீடு கட்டி, பெயின்ட் அடித்து, சாவியோடு விற்கிறார்கள். கட்டினவரே விற்கிறார். அதனால் என்னிடம் வரும் இளவட்டம் எல்லாம் ஒரே கேள்வி கேட்கிறது: "புது வூடுங்க. பில்டரே நேரா குடுக்கறாரு. நடுவுல நீங்க எதுக்குங்க?" முன்பு இதைக் கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இப்போது கோபப்படுவதில்லை. ஸ்டெல்லா வீடு வாங்கின கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். பொம்மிடிப் பக்கத்து ஊர்க்காரி. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். நாலு வயதில் ஒரு மகள். வாடகை வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்ததால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். பேங்கில் லோன் கிடைத்ததும் என்னிடம் வந்தாள்.

"ஹால் சின்னதா இருந்தாப் பரவால்லீங்க்கா. வாசல் கெழக்க பாத்தாலும் சரி, மேற்க பாத்தாலும் சரி. ஒகேனக்கல் தண்ணி மட்டும் வரணும்" என்றாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவள் பற்களில் பழுப்புக் கோடுகள் இருந்தன. எங்கள் மாவட்டத்தில் அதைப் பார்த்தால் என்ன ஆச்சு என்று கேட்க மாட்டோம், எந்த ஊர் என்றுதான் கேட்போம். போர் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு செய்கிற வேலை அது. ஒகேனக்கலிலிருந்து பைப்பில் வரும் காவிரித் தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை. அவள் அம்மாவுக்கு முட்டியே மடங்காது என்றாள். பிறகு நர்ஸ் குரலில் எனக்குப் பாடம் எடுத்தாள்.

"எம்பொண்ணுக்கு மொளைக்கப் போற பல்லு இப்பவே உள்ள உருவாயிட்டு இருக்குதுங்க்கா. இன்னும் நாலஞ்சு வருசம் நல்ல தண்ணி குடுத்துட்டன்னா போதும். அப்பறம் எந்த வூட்ல இருந்தா என்ன."

பாடமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பென்னாகரம் ரோட்டில் முனுசாமி கட்டின ஆறு வீடுகள் தயாராக இருந்தன. முனுசாமி மேஸ்திரியாக இருந்து பில்டர் ஆனவர். கெட்ட மனிதர் இல்லை. கலகலப்பாகப் பேசுவார், கம்பியில் கஞ்சத்தனம் பண்ண மாட்டார். போர்டுக்குக் கீழே என்னைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சிரிப்பு.

"எங்கிட்ட புரோக்கருங்க பருப்பு வேகாதுங்க்கா" என்றார். "ஆனா நீங்க நம்ம ஆளு. உள்ள வாங்க. போர்டு வெளியாளுக்கு."

2. நான்கெல்லை

அந்த வீட்டை ஸ்டெல்லாவுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. சமையலறை ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். மகளுக்கு எந்த ரூம் என்று வாய்விட்டே சொன்னாள். வாங்க வந்தவர் இப்படிச் செய்தால் பில்டர் விலையைக் குறைக்க மாட்டார். நான் கண்ணைக் காட்டினேன், அவள் பார்க்கவே இல்லை.

பேப்பர் பார்ப்பது என் வேலை. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பிளான் அப்ரூவல் எல்லாம் சுத்தம். ஆனால் கிரையப் பத்திரத்தின் டிராஃப்டில் ஒரு கூத்து. வீட்டின் நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்று எழுதும் நான்கெல்லையில், கிழக்கே ரோடு என்று போட்டிருந்தது. ஸ்டெல்லா பார்த்த வீடு நாலாவது வீடு. அதற்குக் கிழக்கே மூன்றாவது வீடுதான் இருக்கிறது. முதல் வீட்டுக்கு எழுதினதையே அச்சடித்தாற்போல எல்லா வீட்டுக்கும் போட்டுவிட்டார்கள்.

"மேஸ்திரி, இந்தப் பத்திரப்படி பாத்தா ஸ்டெல்லா மொத வூட்டத்தான் வாங்குது" என்றேன்.

முனுசாமி தலையைச் சொறிந்தார். "ஜெராக்ஸ் கடைக்காரிகிட்டயே ஜெராக்ஸ் வேல காட்டிட்டானுங்க" என்று சொல்லித் திருத்தச் சொன்னார். ஸ்டெல்லா என்னைப் பெரிய வக்கீலைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மிதப்பில்தான் தப்புச் செய்தேன்.

எங்கள் தொழிலில் குடிநீரைப் பற்றி முழு வாக்கியமாக யாரும் பேசுவதில்லை. "ஒகேனக்கல் இருக்கா?" என்போம். அருவியும் பரிசலும் வீட்டுக்குள் இருப்பது மாதிரி, "இருக்கு" என்பார்கள். அப்படித்தான் நானும் கேட்டேன்.

"ஒகேனக்கல் இருக்குதுங்களா மேஸ்திரி?"

"இருக்குதுங்க்கா. கிச்சன்ல தனி டேப்பே வெச்சிருக்கறன், பாக்கலீங்களா?"

பார்த்தேன். இரண்டு குழாய். ஒன்றின் மேல் 'போர்' என்றும் இன்னொன்றின் மேல் 'ஒகேனக்கல்' என்றும் நீலப் பெயின்ட்டில் அழகாக எழுதியிருந்தது. திருகினேன், தண்ணீர் கொட்டியது. ஸ்டெல்லாவிடம் "ஒகேனக்கல் இருக்குது" என்று சொல்லி அட்வான்சுக்கு நாள் குறித்தேன்.

3. இரண்டு சட்டி

அட்வான்ஸ் கொடுக்கும் நாளன்று ஸ்டெல்லா ஒரு கட்டைப்பை கொண்டுவந்தாள். உள்ளே சின்ன கேஸ் அடுப்பு, ஒரே அளவில் இரண்டு சட்டி, கால் கிலோ துவரம் பருப்பு, ஒரு பாட்டில் தண்ணீர். பால் காய்ச்சப் போகிறாளாக்கும் என்று முனுசாமி நினைத்துவிட்டார்.

"பத்திரம் முடியட்டுங்க மேடம், அப்பறம் காய்ச்சிக்கலாம்" என்றார்.

"பால் இல்லீங்க சார், பருப்பு. எங்க ஊர்ல புதுசா போர் போட்டா மொதல்ல பருப்பு வேக வெச்சுத்தான் பாப்பாங்க. உப்புத் தண்ணியா இருந்தா வேகாது. எனக்கு ஒரு மனசு சமாதானத்துக்கு."

ஒரு சட்டியில் வாடகை வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒகேனக்கல் தண்ணீர். இன்னொன்றில் நீல எழுத்துக் குழாய்த் தண்ணீர். சட்டிக்கு ஒரு கைப்பிடிப் பருப்பு. அடுப்பு ஒன்றுதான் என்பதால் முதலில் பாட்டில் தண்ணீர்ச் சட்டியை ஏற்றினாள். நாங்கள் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்தோம். முனுசாமி துபாயில் சென்ட்ரிங் வேலை பார்த்த கதையைச் சொன்னார். நல்ல கதை. அவர் விமானத்தில் ஏறுவதற்குள் பருப்பு குழைந்துவிட்டது.

அடுத்த சட்டி ஏறியது. முனுசாமி துபாய் போய்ச் சேர்ந்தார், வேலை பார்த்தார், தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குத் திரும்பினார். பருப்பு வேகவில்லை. ஸ்டெல்லா கரண்டியில் எடுத்து என் கையில் போட்டாள். நசுக்கினேன். சின்னக் கல் மாதிரி வழுக்கி ஓடியது.

நானும் இத்தனை வருஷமாக இந்த ஊரில் சோறாக்குகிறவள். ஒரு வாய் குடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பேப்பரைப் பார்த்தவள் தண்ணீரைப் பார்க்கவில்லை.

"மேஸ்திரி, உங்க பருப்புத்தான் வேகலீங்க" என்றேன்.

அவர் அசடு வழியச் சிரித்துவிட்டு உண்மையைச் சொன்னார். வீட்டு வரி போட்டால்தான் குடிநீர் கனெக்‌ஷன் கொடுப்பார்கள். வரி இன்னும் போடவில்லை. தெருவில் ஒகேனக்கல் பைப் போகிறது, வீட்டில் குழாய் இருக்கிறது, இரண்டையும் இன்னும் சேர்க்கவில்லை. லீக் பார்ப்பதற்காகப் பிளம்பர் அந்தக் குழாயை மாடித் தொட்டியோடு இணைத்திருந்தான். தொட்டியில் இருப்பது போர் தண்ணீர்.

"நான் பொய் சொல்லலீங்க்கா. நீங்க இருக்குதான்னு கேட்டீங்க. இருக்குதுன்னேன். வருதான்னு கேட்டீங்களா?"



4. மாடிக்குக் கூப்பிட்டார்

முனுசாமி என்னைத் தனியாக மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். எங்கள் ஊரில் புரோக்கருக்கு இரண்டு பக்கமும் கமிஷன் உண்டு. வாங்குகிறவரும் தருவார், விற்கிறவரும் தருவார். இதில் யாரும் தப்புப் பார்ப்பதில்லை, நானும் அதுவரை பார்த்ததில்லை.

"ஆறு மாசத்துல கனெக்‌ஷன் வந்துரும்னு சொல்லுங்க்கா. நீங்க சொன்னாக் கேட்டுக்குவாங்க. மீதி இருக்கற வூட்டையும் உங்க கையிலயே குடுத்துடறன். போர்டக்கூட கழட்டிடறன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆசை வந்தது. ஆறு மாசம் பெரிய விஷயமா, கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ள மாட்டாளா என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் ஆறு மாசம் என்பது முனுசாமி சொல்கிற கணக்கு. பத்திரம் முடிந்தபிறகு அவர் எதற்கு ஓடி அலையப் போகிறார்? பணம் கைக்கு வந்தால் வேலை நின்றுவிடும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கீழே இருப்பவளுக்கு மட்டும் தெரியாது.

கீழே வந்தேன். ஸ்டெல்லா வேகாத பருப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள், இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் வெந்துவிடும் என்பதுபோல.

"அக்கா, உங்க வூடா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"வாங்குவேன். இன்னிக்கு வாங்க மாட்டேன்" என்றேன். "தண்ணி இருக்குதுன்னு சொன்னது என் தப்புத்தான் கண்ணு. வருதான்னு நான் பாக்கல. அடுப்ப அணை."

முனுசாமியிடம் இரண்டு சொன்னேன். அக்ரிமென்ட்டில் 'குழாயில் குடிநீர் வந்த பின்னரே கிரையம்' என்று ஒரு வரி எழுத வேண்டும். அவர் பக்கத்துக் கமிஷன் எனக்கு வேண்டாம். முதலாவதற்குக் கோபப்பட்டார். இரண்டாவதைக் கேட்டு, எனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிட்டார்.

ஒரு வாரம் போனை எடுக்கவில்லை. அப்புறம் அந்த வரியோடு அக்ரிமென்ட் போட்டு, அவரே ஓட ஆரம்பித்தார். விற்காத வீட்டுக்கு வட்டி கட்டுகிறவர் எத்தனை நாள் முறைத்துக்கொண்டிருப்பார்? வரி போட்டு, டெபாசிட் கட்டி, தெருவைத் தோண்டி இணைக்க மூன்று மாதம் ஆனது. வாடகை வீட்டுக்காரர் காலில் விழாத குறையாக நான் பேசி, கல்யாணத்துக்கு அடுத்த மாதம் வரை ஸ்டெல்லாவுக்குத் தவணை வாங்கினேன். தண்ணீர் வந்த அன்று முனுசாமியே பருப்பு வாங்கிக்கொண்டு வந்து சட்டியை ஏற்றினார். வெந்தது. அதிலேயே சாம்பார் வைக்கச் சொல்லி ஆளனுப்பி இட்லி வாங்கிவரச் செய்தார்.

5. டோக்கன் கூப்பிடும்வரை

பதிவு அன்று டோக்கனுக்காக பெஞ்சில் காத்திருந்தோம். எனக்கு மனதில் ஒரு உறுத்தல் இருந்தது, கேட்டுவிட்டேன்.

"எல்லையில இருந்த தப்ப பத்திரம் எழுதறவரே ஒரு நாள் கண்டுபுடிச்சிருப்பாரு. தண்ணிய நீயே கண்டுபுடிச்ச. போர்டுலயும் புரோக்கர் வேண்டாம்னு போட்டிருந்துச்சு. என்னைய எதுக்குக் கூட வெச்சிருந்த?"



"வேகலன்னு எனக்குத் தெரிஞ்சுதுங்க்கா. வேண்டாம்னு சொல்றதுக்குத்தான் வாய் வரல. அந்த வூடு அவ்ளோ புடிச்சுப் போயிருச்சு. நீங்க மாடியில இருந்து எறங்கி வந்து, பரவால்ல வாங்கிக்கன்னு சொல்லியிருந்தீங்கன்னா, அன்னிக்கே வாங்கியிருப்பேன்."

அந்த மாடிப்படியில் இறங்கும்போது பாதிவரைக்கும் நான் அதைத்தான் சொல்வதாக இருந்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

அதனால், புது வீடு வாங்கப் புரோக்கர் வேண்டுமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு என் பதில் இதுதான். வீடு உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் யாரும் தேவையில்லை, நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்கள். பிடித்துவிட்டதென்றால் ஒருத்தரைக் கட்டாயம் கூட வைத்துக்கொள்ளுங்கள். அவர் எந்தப் பக்கம் கமிஷன் வாங்குகிறார் என்று மட்டும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.