இடுப்பு உயரத்தில் ஒரு தோட்டம்

காக்களூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் தரை உண்டு. கம்பெனி வேலை முடிந்து வந்து, அங்கே குனிந்து களை பிடுங்கினால்தான் எனக்கு மனசு ஆறும். இடுப்பு வலித்தாலும் நிறுத்த மாட்டேன். ஒருநாள் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. இனிமேல் குனியவே கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

இரண்டு மாதம் சன்னல் வழியே வெண்டைச் செடிகள் வாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணைத் தொட மாட்டோமா என்றிருக்கும்.

ஒருநாள் பக்கத்து வீட்டு மேரி வந்தாள். அவளுடைய முருங்கைமர நிழல் என் செடிகள்மேல் விழுகிறது என்று சண்டை போட்டு, ஒரு வருடமாக நான் அவளிடம் பேசியதில்லை. அவளும் அவள் வீட்டுக்காரரும் பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம்களைச் செங்கல் அடுக்கின்மேல் தூக்கி வைத்து, மண் நிரப்பினார்கள்.

"இன்னாத்துக்குக்கா குனியணும்? நின்னுகினே நடு. வலிச்சா போய்ப் படுத்துக்கோ, செடி எங்கியும் ஓடிடாது," என்றாள்.

ஈர மண்ணுக்குள் விரலை விட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க நினைத்தேன். வெட்கத்தில், "டீ குடிக்கிறியா?" என்றுதான் கேட்க முடிந்தது.

அடுத்த மாதமே அவள் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டியில் வேலை கிடைத்து, குடிபோய்விட்டார்கள். பிறகு ஒருநாள் போனில் மன்னிப்புக் கேட்டேன்.

"அத்த விடுக்கா, காய் வுட்டுச்சா?" என்று சிரித்தாள்.

அடிக்கடி பேசிக்கொள்கிறோம். ஆனாலும், நாலடி தூரத்தில் அவள் இருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டே கழித்த அந்த ஒரு வருடம் திரும்பக் கிடைக்காதா என்று மனம் இன்னும் ஏங்குகிறது.