மலைவயலில் அடைத்த மடை

பாலித் தீவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒருநாள் மலையைச் சுற்றிப்பார்க்கக் கூட்டிப்போனாள். குடவாசல் சமவெளியிலேயே உழுது வாழ்ந்தவன் நான். மலைச்சரிவில் படிப்படியாக நெல் நிற்பதைப் பார்த்ததும் என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

ஓரிடத்தில் வரப்பு உடைந்து தண்ணீர் கீழே ஓடியது. யார் வயலாக இருந்தாலும் எங்கள் பக்கத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போகமாட்டோம். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, சேற்றை அள்ளி அடைத்தேன்.

மேலேயிருந்து ஒரு அம்மாள் மண்வெட்டியோடு ஓடிவந்து, கீழ்வயலைக் காட்டி ஏதோ சொன்னார். மகளுக்கு அந்த மொழி தெரியும்.

"அப்பா, அது உடைப்பு இல்லயாம். கீழ் வயலுக்குத் தண்ணி போறதுக்கு அவங்களே வெட்டி விட்டதாம். நேத்துதான் நட்டிருக்காங்க, காஞ்சிடும்ங்கிறாங்க."

எனக்கு முகமெல்லாம் சுட்டது. அடைத்த மண்ணை நிமிராமல் தோண்டினேன். அந்த அம்மாளும் மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தார், லேசில் பெயரவில்லை. ஒருவழியாகத் தண்ணீர் கீழே இறங்கியதும் மகளிடம் மறுபடி ஏதோ சொன்னார்.

மகள் சிரித்தாள். "கெட்டியா அடைச்சிருக்கீங்களாம். மேல நிஜமாவே ஒரு உடைப்பு இருக்காம், வர்றீங்களான்னு கேக்குறாங்க."

அன்று பார்க்க நினைத்திருந்த அருவியை நாங்கள் பார்க்கவில்லை. அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் மேல்வரப்பில் ஏறியிருந்தேன்.